மூன்றாம் நாள்

லிஃப்ட் ஓடவில்லை. பிஷ்கெக்கில் பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை.
விடுதியின் ஏழாம் மாடியிலிருந்து
பின்பக்கமாக இறங்குகிறாள் ஜிபாரா,
கம்பியை இரண்டு கையாலும் பற்றி,
விழுந்த வாளியை எடுக்கக் கிணற்றில் இறங்குகிறவள் மாதிரி.

நேற்று இவ்வளவு இல்லை.
முந்தாநாள், பந்தயம் முடிந்த இரவில்,
யாருடைய பிறந்தநாளுக்கோ ஆடக்கூட ஆடினாள்.
தசை அன்றைக்கே கேட்காது.
வட்டி சேரட்டும் என்று
இரண்டு ராத்திரி விட்டுப் பிடிக்கும்.

ஏறச் சொன்னால் தொடை ஒத்துக்கொள்கிறது.
இறங்கத்தான் முரண்டு.
பளுவைத் தூக்குகையில் அல்ல,
பளுவோடு மெல்ல மெல்ல நீள்கையில்தான்
நார் அதிகம் கிழிகிறது
என்றாள் ஆய்வுக்கூடத்து வெனேரா நேற்று,
ஊசி முனையைப் பார்த்தபடி, வேறு யாரிடமோ சொல்வதுபோல்.
"புதிதாக ஏதாவது செய்தாயா?"

புதிதாக என்ன.
பதினான்கு வருடம்.
தூக்கத் தெரியும், திருப்பத் தெரியும்,
பாயில் அறைவது உறக்கத்திலும் தெரியும்.
ஆயிரம் முறை கிழிந்து ஆயிரம் முறை தைத்த தொடை.
பழகிய அடிக்கு அது முகம்கூடச் சுளிப்பதில்லை.

சனிக்கிழமை,
அறுபத்தெட்டு கிலோ இறுதிச் சுற்று.
எதிரில் பெர்மெத்.
ஐந்தாம் நிமிடம் அவள் இடுப்பு கைக்குள் வந்தது,
கால்கள் பாயைவிட்டுக் கிளம்பின,
மொத்த உடம்பும் தோளுயரத்தில்.
இனி எறிய வேண்டியதுதான்.
அரங்கம் அதற்குள் எழுந்து நின்றுவிட்டது.

போன மார்ச்சில் பெர்மெத்தின் கழுத்தில் பட்டை இருந்தது.
அதே அறை, அடுத்த கட்டில்.
திரும்பிப் படுக்க முடியாமல்
கூரையைப் பார்த்தபடியே சூப் குடித்தாள் நாற்பது நாள்.
கரண்டி பிடித்தது இந்தக் கைதான்.

எறியவில்லை.
முழங்கால் மடக்கி, முதுகை வளைத்து,
விளிம்புவரை பால் நிறைந்த பாத்திரத்தை வைப்பதுபோல்
கீழே வைத்தாள்.
மூன்று விநாடி இருக்குமா?
எது வலி, எது வலு என்று
தசைக்கே தெரியாத மூன்று விநாடி.

எறிந்திருந்தால் நான்கு புள்ளி.
வைத்ததற்கு இரண்டு.
மூன்றுக்கு இரண்டென்று தோற்றாள்.
"கை தளர்ந்துபோச்சு உனக்கு" என்று
பயிற்சியாளர் துண்டை உதறினார்.
அவள் மறுக்கவில்லை.

ரத்தம் மறுத்தது.
நேற்றுச் சாயங்காலம் மேசைமேல் இரண்டு தாள்.
கிரியேட்டின் கைனேஸ், பெர்மெத்துக்கு அறுநூற்றுப் பத்து.
ஜிபாராவுக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
ஒரே பாய். ஒரே ஆறு நிமிடம்.
பெர்மெத் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.
தனதல்லாத தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே இப்போது வேலை நடக்கிறது.
முதலில் குப்பை அள்ளுகிறவர்கள் வருவார்களாம்,
வீங்கவைத்து, சூடேற்றி, உடைந்ததைத் தின்றுகொண்டு.
கொத்தனார்கள் பிறகுதான்.
ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தாலும்
ஆட்டெலும்பு சோர்போவைச் சட்டி சட்டியாகக் குடித்தாலும்
அவர்கள் அவசரப்படுவதில்லை.
தூக்கம் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் கட்டுப்படுவார்கள்.

நான்காம் மாடித் திருப்பத்தில்
ரொட்டிப் பையோடு ஏறி வருகிறாள் பெர்மெத்.
நிற்கிறாள். எதுவும் கேட்கவில்லை.
பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி,
இவளுக்கு ஒரு படி கீழே,
இவள் வேகத்துக்கே இறங்கத் தொடங்குகிறாள்.

"அடுத்த தடவை எறிந்துவிடு."
"எறிகிறேன்."

வெனேரா சொன்ன இன்னொன்றை
ஜிபாரா யாரிடமும் சொல்லவில்லை:
ஒருமுறை இப்படிக் கிழிந்த தசை
அதே வேலைக்கு மறுமுறை
இவ்வளவு கிழியாது.

இன்னும் ஐம்பத்து நான்கு படி.