மூன்று விரல் ஆட்டம்

கியூம்ரியின் கருங்கல் தெருக்களில்
என் வெள்ளை வோல்காவை
என்னைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது.
பதினோரு வருடமாக
இதைப் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன்.

ஸ்டீயரிங்கில் மூன்று விரல் ஆட்டம்.
இடப்பக்கம் மூன்று விரல் திருப்பினாலும்
சக்கரத்துக்குச் சேதி போயிருக்காது.
நாலாவது விரலில்தான் விழிக்கும்,
அதுவும் கொஞ்சம் கோபத்தோடு.
வளைவு வருமுன்பே வளைவைத் தொடங்க வேண்டும்.
நேர்ச் சாலையிலும்
தூங்காத பிள்ளையைத் தட்டுகிற மாதிரி
இப்படி ஒன்று, அப்படி ஒன்று.

மாதத்துக்கு நாலு கல்யாணம்.
பின்சீட்டு மணப்பெண்கள்
என் கையைப் பார்ப்பதில்லை.
பார்த்தவள் ஒருத்தி: லுசாபெர், பல் மருத்துவர்.
"ஏன் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்?"
"வண்டிக்குப் பழக்கம்" என்றேன்.

செயரான் என் கூட்டாளி,
கணக்கும் கேமராவும் அவன்.
முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி
மேலும் கீழும் பிடித்து உலுக்கினான்.
டக். டக்.
"கிங்பின் போச்சு. பால் ஜாயிண்ட் நாலும் போச்சு.
இங்கே ஒரு வெண்கல புஷ் இருந்திருக்க வேண்டும்,
அது இருந்த இடம்தான் இருக்கிறது.
சாத்தெனிக், இத்தனை நாள் நீ ஓட்டியது
காரை இல்லை, ஒரு வதந்தியை."

கார்லெனின் கொட்டகையிலிருந்து சாமான் வந்தது,
மெழுகுத்தாளில் பொதிந்து,
இல்லாமல் போன ஒரு நாட்டின் முத்திரையோடு.
விலையை மட்டும்
இருக்கிற நாட்டின் பணத்தில் கேட்டான்.

நட்டைக் கழற்றினோம். கூம்பு அசையவில்லை.
கீழிருந்து அடித்தால் மரைதான் கெடும்.
பிடித்திருக்கும் கண்ணின் இரு பக்கமும்
இரண்டு சுத்தியல்
ஒரே நொடியில் விழ வேண்டும் என்றான்.
எதிரெதிரே குந்தினோம்.
முதல் அடி, அவன் முந்தினான்.
இரண்டாவது, நான்.
ஆறு வருடக் கூட்டு வியாபாரத்தில்
சேர்ந்து செய்த வேலை எதுவுமில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.
ஏழாவது அடியில்
யாரும் தொடாமலே கழன்று விழுந்தது,
தானே முடிவெடுத்ததைப் போல.

ராடின் ஒரு முனை இடமரை.
அதை மறந்து அரைமணி நேரம்
கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.
இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.
பழையது பதினேழரைச் சுற்றில் வந்தது,
புதியதைப் பதினேழரைச் சுற்றில் ஏற்றினேன்.
பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு
தூண்டில் நரம்பு கட்டி நேர் பார்த்தோம்.
முன்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கல்.
கிரீஸ் துப்பாக்கி விக்கியது, பிறகு நிறைத்தது.

வெள்ளி மாலை, ஆர்த்திக் சாலை.
வளைவுக்கு முன்பே வழக்கம்போல்
மூன்று விரல் கொடுத்தேன்.
வண்டி உடனே கேட்டது.
கேட்டு, பாப்லர் மரத்தை நோக்கிப் பாய்ந்தது.
இழுத்தேன், அந்தப் பக்கம் ஆட்டு மந்தை.
இடையன் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
நான் பொய் சொல்லச் சொல்ல
அது அத்தனையையும் நம்பியது.

"தள்ளிக்கொள்" என்றான் செயரான்.
உரிமம் வாங்கி இரண்டே வருடம் ஆனவன்
ஒற்றைக் கையால் ஓட்டினான்,
மறு கையில் சூரியகாந்தி விதை.
அராகாத்ஸ் மலை கண்ணாடியின் நடுவிலேயே நின்றது.
முன்பெல்லாம் அதுவும் கொஞ்சம் அசையும்.

சனிக்கிழமை, தேவாலய வாசல்.
சுர்னா ஊதுகிறார்கள், தோல் கொட்டுகிறார்கள்.
மாப்பிள்ளை வீட்டார் வழிமறித்து ஆடுகிறார்கள்.
ஆட்டமெல்லாம் இப்போது வண்டிக்கு வெளியே.
ஸ்டீயரிங்கில் செயரான்.
கேமராவை என்னிடம் கொடுத்திருக்கிறான்.
படங்கள் எல்லாமே கலங்கி வரும்:
முதல் வளைவு இன்னும் நூறடி தள்ளி இருக்கிறது,
என் கைகள் இப்போதே
மெல்ல இடப்பக்கம் திரும்புகின்றன.