இடது முனை

மேலே போகிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள்.
விழுகிற கம்பு என் பொறுப்பு.

நாலரை மீட்டர். இடது முனை எனக்கு,
வலது முனை ஹெய்மோவுக்கு.
ஆளுக்கொரு கவைக்கோல்.
விழுந்ததை ஏந்தி, மெல்ல உயர்த்தி,
இரண்டு முளைகளிலும் ஒரே மூச்சில் உட்கார வைக்கவேண்டும்.
ஹெய்மோ அவசரக்காரர்.
பல் மருத்துவர் என்றால் நம்பமாட்டீர்கள்.
நான் இதே தம்பெரேயில் டிராம் ஓட்டுகிறேன், மூன்றாம் தடம்.
தூலிக்கி என்ற என் பெயருக்குள்
எங்கள் மொழியில் காற்று இருக்கிறது.
எதிர்க்காற்று அடித்தால்
உள்ளூர் வீரர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

ஆகஸ்ட், இரவு ஒன்பது. வெயில் இன்னும் கிளம்பவில்லை.
அறுபத்தைந்தில் பிரெஞ்சுக்காரன் போனான்.
எழுபத்தைந்தில் நார்வேயின் எய்விண்ட்:
காலணி கழற்றாமல், பையைக் கட்டாமல்
வெகுநேரம் நின்றான்,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் போல.
மிச்சம் இருவர்.

ஐந்து எண்பது.
கிரேக்கன் ஸ்டாமாடிஸ் முதல் முயற்சியில் தட்டிவிட்டான்.
அடுத்து லாத்வியாவின் கிர்ட்ஸ்.
பதினெட்டுக் காலடி,
ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே கோபமாக.
கோல் குழியில் இறங்கி, வளைந்து, இன்னும் வளைந்து,
படீரென்று
மூன்று துண்டு.

இருநூறு மீட்டருக்குக் குனிந்திருந்தவர்களில் ஒருவன்
துப்பாக்கி என்று நினைத்துப் புறப்பட்டே விட்டான்.
ஒரு துண்டு என் காலருகே வந்து சுழன்று ஓய்ந்தது.
கம்பு அசையவே இல்லை.
மெத்தையில் மல்லாந்து கிடந்த கிர்ட்ஸ்
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் யாரோ முகவரி எழுதித் தந்ததுபோல.

கோல் முறிந்தால் அது தவறிய முயற்சி ஆகாது.
விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி.
முறித்தவனுக்கு இன்னொரு முறை உண்டு.
கோல்தான் இல்லை.
உறையில் மிஞ்சியவை மெலிந்தவை;
இந்த உயரத்துக்கு அவை நாணல்.

துண்டால் தலையை மூடி உட்கார்ந்திருந்த ஸ்டாமாடிஸ் எழுந்தான்.
நீலப் பட்டை சுற்றிய தன் கோலை
சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துவதுபோல்
கிர்ட்ஸ் பக்கம் நகர்த்தினான்.
இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.
முஷ்டியை மடக்கிக் காட்டினான்: கெட்டி.
தன் பிடிக்கு இரண்டு விரல் கீழே தொட்டான்: இங்கே.

கிர்ட்ஸ் ஏறினான்.
முழங்கால் கடந்தது. இடுப்பு கடந்தது.
நெஞ்சு தொட்டது.

கம்பு துடிப்பதைக் கீழிருந்து பார்த்திருக்கிறீர்களா?
கரையில் போட்ட மீன் அப்படித்தான் யோசிக்கும்.
பழக்கத்தில் கவைக்கோலை ஓங்கிவிட்டேன்;
கூசிப்போய் இறக்கினேன்.
நின்றது.
வெள்ளைக் கொடி.

சூடு ஆறாத அதே கோலில்
ஸ்டாமாடிஸும் கடந்தான், இரண்டாம் முயற்சியில்.

எண்பத்தைந்தில் ஆளுக்கு மூன்று. கோல் ஒன்றே.
இறங்கியவன் துடைத்துத் தர
ஏறுகிறவன் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.
ஆறு முறை விழுந்தது.
ஆறாவது முறை எடுத்து வைக்கத் தேவையில்லை.
வைத்தோம். ஹெய்மோகூட அவசரப்படவில்லை.

சம உயரம். தாளைப் புரட்டினார்கள்.
எண்பதை முதல் முயற்சியிலேயே கடந்தவன் கிர்ட்ஸ்,
முறிந்தது கணக்கில் சேராது என்பதால்.
தங்கம் அவனுக்கு. கொடுத்தவனுக்கு வெள்ளி.
பலகையைப் பார்த்து ஸ்டாமாடிஸ் கிரேக்கத்தில் ஏதோ சொன்னான்.
வசையாகத்தான் இருக்கும்; சிரித்துக்கொண்டே சொன்னான்.
பிறகு குனிந்து கோலின் பட்டையை உரிக்கத் தொடங்கினான்,
நகத்தால், நுனியிலிருந்து,
கிர்ட்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகும்.

மறுநாள் காலை முதல் வண்டி என்னுடையது.
ஆற்றுப்பாலத்துக்கு அடுத்த நிறுத்தத்தில்
ஐந்து மீட்டர் உறையோடு தனியாக நிற்கிறான்.
நீளச் சுமைக்கு வண்டியில் அனுமதி இல்லை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையாட்டி மறுத்தேன்.
என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்,
அவன் பார்த்ததெல்லாம் எனக்கு நாலு மீட்டர் மேலே.

பின்கதவைத் திறந்தேன்.
தூக்கம் கலையாத நான்கு பேர் முனகாமல் இடம்விட்டு எழுந்தார்கள்.
உறையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான்.
இன்னொரு முனையை
மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஒரு பெண்,
யாரும் கேட்காமலே.

வளைவுகளில் மெதுவாகப் போனேன்.
மூன்று நிமிடம் தாமதம்.
எதுவும் விழவில்லை.