ஆனால் வரைக்கும்

கிளிநொச்சியில் சாரதிமார் கூட்டத்தில்
ஒரு சட்டத்தரணி சொன்னார்:
"உங்களை மறிச்சால் நீங்கள் வீடியோ எடுக்கலாம், ஆனால்..."
அதோடு கரண்ட் போனது.
தகரத்தில் மழை.
அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
முன்வரிசைக்காரர் தலையாட்டினார்கள்.
நான் பின்வரிசை.
என் உரிமை
அந்த ஆனால் வரைக்கும்தான்.

இன்று காலை ஆறு நாற்பது.
தண்ணீரூற்றிலிருந்து நூற்றிருபது மூட்டை நெல்.
கருப்பட்டமுறிப்பு தாண்டி
பாலைமர வளைவில் நல்ல நிழல் பார்த்து
நின்றார்கள் இருவர்.

லைசென்ஸ் சரி. இன்சூரன்ஸ் சரி. புகைச் சான்றிதழ் சரி.
ஆறு ரயரையும் உதைத்துப் பார்த்தார் பெரியவர்.
படங்குக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.
குறை கிடைக்காத மனிதனின் கோபம்
தனி ரகம்.
கடைசியில் தண்டப் புத்தகத்தைத் திறந்து
நடுவில் பேனாவை வைத்துவிட்டு
காட்டைப் பார்த்தார்.
அந்த மடிப்பில் என்ன வைக்க வேணுமென்று
இந்த றோட்டில் ஓடுகிற எவருக்கும்
படிப்பிக்கத் தேவையில்லை.

வழமையாக வைப்பேன்.
டீசல் கணக்கோடு சேர்த்து எழுதியும் விடுவேன்.
நேற்றுத்தான் முதலாளி சொன்னார்:
"உந்தக் காசை இனி உன்ர சம்பளத்தில கழிப்பன்."
போனை எடுத்தது அதனால்தான்.
வீரமென்று யாரும் நினைக்க வேண்டாம்.

முன்பு எங்களைத்தான் எடுத்தார்கள்.
ஓமந்தையில்
எண் எழுதிய மட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து
நான் நின்ற படம்
எந்த இரும்பு அலுமாரியிலோ
இன்னும் பத்தொன்பது வயதோடு இருக்கும்.
கேட்டு எடுக்கவில்லை.
எனக்கொரு பிரதி தரவும் இல்லை.

போன் உயர்ந்ததும்
பெரியவர் முதலில் செய்தது
தொப்பியைச் சரிப்படுத்தியது.
கலியாண வீட்டில் கமராக்காரன் திரும்பினால்
எவரும் செய்வதுதான்.
கோபம் அதற்குப் பிறகே வந்தது.
"மொகத கரன்னே?"
மற்றவர் தமிழில் கேட்டார்,
"எந்தச் சட்டத்தில இருக்கு?"
"எடுக்கலாம்," என்றேன்.
மிச்சம் தெரியாததால் சொல்லவில்லை.
அவர்களுக்கும் தெரியவில்லைப் போல.
மற்றவர் தன்னுடைய போனை எடுத்து
என்னை எடுக்கத் தொடங்கினார்.

இரண்டு போன்கள்
முட்டுவதற்கு முன் நிற்கும் கிடாய்கள் மாதிரி.
கிளீனர் நிதர்சன் சீற்றுக்குக் கீழே போய்விட்டான்.
முல்லைத்தீவு பஸ் ஒன்று வேகம் குறைத்து
எல்லாக் கண்களையும் ஒரு பக்கம் சரித்துக்கொண்டு
கடந்தது.

"எழுதித் தாங்கோ ஐயா. கோட்டில கட்டுறன்."

புத்தகம் மூடிய சத்தம்
அவ்வளவு சின்னது.
"போ."

மாங்குளம் சந்தியில் பிளேன்ரீ ஆறுகிறது.
வீடியோ பதினொரு நிமிசம்.
போட்டுப் பார்த்தால்
சிவப்பு. பிறகு கொஞ்சம் இருட்டு. மறுபடி சிவப்பு.
முழுக்க என் பெருவிரல்.
தொப்பி இல்லை, இலக்கத் தகடு இல்லை,
புத்தகத்தின் மடிப்பு இல்லை.
சிக்னல் லைற்றின் டிக் டிக் இருக்கிறது,
தூரத்தில் ஒரு செண்பகம் இருக்கிறது,
இடையில் நடுங்கி நடுங்கி
யாரோ ஒருவன்
எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறான்.

"ஆரண்ணை இது கதைக்கிறது?" என்றான் நிதர்சன்.
பிறகு, "அழிக்கட்டே? போன்ல இடமில்லை."
வேண்டாமென்றேன்.

அந்தச் சட்டத்தரணி
கரண்ட் போன பிறகு சொன்னது
"ஆனால் விரலை எடுத்துப்போட்டுப் பிடியுங்கோ"
என்பதாகவும் இருக்கலாம்.

சேட்டு நுனியால் கமராக் கண்ணைத் துடைக்கிறேன்.
நெல்லை இறக்கிவிட்டுப் பின்னேரம்
இதே றோட்டால்தான் திரும்ப வேணும்.
நிழல் அப்போது
வளைவின் மற்றப் பக்கம் விழும்.