பி நான்கு

காற்சட்டை ஒன்று. காக்கி. முழங்காலுக்கு மேல் கிழிந்தது.
இடது தொடைப் பக்கம் உள்ளங்கை அகலக் கறை.
பொலிஸ் எழுதியதை அப்படியே தமிழில் சொன்னேன்
கூண்டில் நின்ற வீரமலைக்கு.
"அட்டை கடிச்ச ரத்தம், ஐயா."
அதைச் சிங்களத்தில் சொன்னேன் நீதிபதிக்கு.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு வாயிலிருந்து எடுத்து
ஒரு காதில் வைப்பது என் வேலை.
சிரிப்பை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.
அது அவனுக்கே விளங்கியது.

கணக்கப்பிள்ளை சூசைநாதன் கிடந்தது
ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, பீலிக்கரையில்.
கழுத்தில் ஒரே வெட்டு.
கவ்வாத்துக் காலம்.
அன்று அந்த டிவிசனில் முப்பத்தெட்டுக் கத்தி மலையில் நின்றது.
வீரமலையின் கத்தியில் ரத்தம் இல்லை.
கழுவியிருப்பான் என்றது அரச தரப்பு.
காற்சட்டையில் இருந்தது.
கழுவ மறந்திருப்பான் என்றது
அதே தரப்பு, அதே பின்னேரம்.

பகுப்பாய்வாளர் அறிக்கை இரண்டு வரி:
மனித இரத்தம்.
வகை அறிய இயலவில்லை.

வழக்குப்பொருள் அறையின் சாவி பியசேனவிடம்.
பன்னிரண்டு வருடமாக
நுவரெலியாக் குளிரில், கோட்டுக்குப் பின்னால் உள்ள கடையில்
பிளேன்டீ ஆறும்வரை இதையே பேசுகிறோம்.
அவன் சிங்களத்தில், நான் இரண்டிலும்.

"அரைப்பேர் போட்டதற்கு முதல்நாள் சண்டை பிடித்திருக்கிறான்."
"அரைப்பேருக்கு வெட்டுவதென்றால்
தோட்டத்துக்கு மாதம் ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும்."
"அட்டைக்கு இவ்வளவு ரத்தமா?"
"நீ மாத்தறைக் கடற்கரைக்காரன்.
அது குடித்து உருண்டு விழுந்த பிறகுதான்
கடிவாய் திறக்கும்.
சுண்ணாம்பு வைத்தாலும் நிற்காது,
நடந்து வீட்டுக்கு வரும்வரை கூடவே வரும்."
"சரி. ஏன் ஒரு காலில் மட்டும்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
காசை நான் கொடுத்தேன்.

மேன்முறையீடு தள்ளுபடியான வருடம்
ஓர் இரவு எழுந்து உட்கார்ந்தேன்.
வெட்டுப்பட்டவனின் ரத்தம்
வெளியிலிருந்து உள்ளே போகும்.
கடிபட்டவனின் ரத்தம்
உள்ளிருந்து வெளியே வரும்.
ஐந்து நாள் விசாரணை.
இரண்டு சட்டத்தரணிகள், ஒரு டாக்டர், ஒரு நீதிபதி.
ஒருவரும் அந்தத் துணியைப் புரட்டிப் பார்க்கவில்லை.
எட்டினால் தொடும் தூரத்தில் நின்ற நானும்தான்.

பியசேன கதவைத் திறந்தான்.
வேலை போகும் என்று தெரிந்து திறந்தான்,
அதை நான் இங்கே சொல்ல வேண்டும்.
தேயிலைச் சாக்கு வாசம், எலி வாசம்.
பி ஒன்று, கத்தி:
பிடியில் நூல் கட்டி, நூலில் ஓர் அட்டை.
சிங்களத்தில் கடிப்பதற்கு ஒரு சொல், தொங்குவதற்கு வேறு சொல்.
தமிழில் இரண்டும் ஒன்று.
அன்று கோட்டில் அவன் எந்த அட்டையைச் சொன்னான் என்று
யாரும் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால்
இன்னும் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.

பி நான்கை மேசையில் விரித்தோம்.
உட்புறம் புரட்டினோம்.
இராமபாணப் பூச்சி
நல்ல துணியை விட்டுவிட்டு
கறையை மட்டும் தின்றிருந்தது.
உள்ளங்கை அகல ஓட்டை.
அதன் வழியாகப் பியசேனவின் விரல்கள் தெரிந்தன,
அசையாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழை.
காக்கிக் காற்சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு
சவர்க்காரம் பூசாமல்
ஏழாம் நம்பர் மலையில் இரண்டு மணித்தியாலம் நின்றேன்.
கொழுந்தெடுக்கும் பெண்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள்.
வீரமலையின் அக்கா செவனம்மாவும் அதில் நின்றாள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, கூடையை மாற்றிக்கொண்டாள்.

திங்கள் காலை கறையைப் பியசேன முன்னால் போட்டேன்.
உள்ளே கருமை, வெளியே மங்கல்.
வெகுநேரம் தடவிப் பார்த்தான்.
"யாருடைய ரத்தம்?"
"என்னுடையது."
"யார் பார்த்தது?"

ஆறு கடித்திருந்தன.
இரண்டு காலிலும்.
அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.