கடைசியாக வெளியே போகிறவர்கள்

காலை ஒன்பதரை. கெமியில் இன்னும் விடியவில்லை.
காகித ஆலையின் வெண்புகை மட்டும்
எங்கேயோ வெளிச்சம் இருப்பதாக நடிக்கிறது.
நடைக்கூடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள்
பதினெட்டுப் பனியுடுப்புகளுக்குள் ஏறுகிறார்கள்.
சரக் சரக்கென்று துணி உரசும் சத்தம்.
நமக்கு அது துணி.
ஆர்னிக்குக் காதுக்குள் இறங்கும் எறும்பு வரிசை.

அவன் உலர்த்தும் அலமாரியை ஒட்டிப் படுத்திருக்கிறான்,
கன்னம் தகரத்தில். அது முனகுகிறது; இவனும்.
ஒரே சுருதி.
அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது.

நான் அவனுடைய துணையாள்.
சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது:
துணையாள், மே மாதம் வரை.

பட அட்டைகள் என் கழுத்தில் தொங்குகின்றன.
கம்பளிக் காலுறை. உடுப்பு. பூட்ஸ். தொப்பி. கையுறை.
காலுறையைக் காட்டுகிறேன். காத்திருக்கிறேன்.
காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதில்லை,
கண்ணைக்கூட அவன்மேல் அழுத்தாமல் வைத்திருப்பது.
ஒருநாள் எண்ணினேன், நூற்றுப்பத்து வரை.
நூற்றுப்பதினொன்றில் ஒரு கால் நீண்டது.
பொறுக்காமல் ஐம்பதிலேயே நான் இழுத்த நாட்களில்
கால் வந்தது, ஆர்னி வரவில்லை.

இடது பூட்ஸ் முடிவதற்குள்
மற்றவர்கள் வெளியே போய், சறுக்கி, சண்டை பிடித்து,
மூக்கொழுகித் திரும்பிவிடுவார்கள்.
அவர்கள் உள்ளே வர, நாங்கள் வெளியே.
மிதிபட்ட பனி. யாரோ விட்டுப்போன சிவப்பு மண்வாரி.
அங்கேதான் ஓடுவான், கை இரண்டும் அகல,
விளக்குக் கம்பத்தைத் தொட்டு, திரும்பி, மறுபடி தொட்டு.
அப்போது பார்க்க வேண்டும், இவனை
மெதுவானவன் என்று எழுதியவர்கள்.

மர்யுக்கா நல்லவள்; படிவம்தான் அவளுக்கு மேலதிகாரி.
'குழுவோடு சேர்ந்து பங்கேற்கிறானா?'
ஆம். இல்லை. சில சமயம். கீழே மூன்று வரி இடம்.
"நகரசபைக்கு நிமிடக் கணக்கு வேண்டும்" என்கிறாள்,
"அடுத்த வருடமும் உன்னை வைத்துக்கொள்ள."
காப்பி ஆறுகிறது.

ஜனவரியில் ஹில்ப்பா கையுறைகளைத் தொலைக்கத் தொடங்கினாள்.
ஐந்து வயது. எப்போதும் எல்லோருக்கும் முந்தி
கதவுப் பிடியில் தொங்குகிறவள்.
திங்கள் இடது. செவ்வாய் வலது. புதன் இரண்டும்.
"தேடிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்பாள்,
பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டியபடி.
திட்டினோம். அம்மாவுக்குச் சீட்டு எழுதினோம்.
நூல் கோத்துக் கழுத்தோடு கட்டிவிட்டோம்;
முடிச்சை அவிழ்த்துத் தொலைத்தாள்.

வியாழனன்று பார்த்தேன்,
அவள் தலை கொஞ்சம் உயரமாக இருந்தது.
இரண்டு கையுறையும் தொப்பிக்குள்.

கூட்டம் போனது. கதவு சாத்தியது. சத்தம் வற்றியது.
தொப்பியைக் கழற்றினாள். கையுறைகளை எடுத்தாள், போடவில்லை.
ஒன்றை ஆர்னியின் அருகே தரையில் வைத்துவிட்டு
சுவரைப் பார்த்தாள்.
அதை யார் சொல்லிக்கொடுத்தது? நானா? எப்போது?
உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.
அவளுக்கு இருபது வரைதான் தெரியும்.
இருபது. திரும்ப ஒன்று. திரும்ப இருபது.

அவன் கைக்கு அந்தக் கையுறை பெரிது.
போட்டுக்கொண்டான்.

இப்போது காலி முற்றத்தில் இரண்டு பேர்.
சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன்.
அவன் கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே.
அவள் பனியில் எதையோ புதைக்கிறாள்.
அவன் கடக்கும்போதெல்லாம் மண்வாரியைக் கொஞ்சம் நகர்த்துகிறாள்,
நிமிர்ந்து பார்க்காமலே.

மூன்று வரி இடத்தில் எழுதினேன்:
குழுவிலிருந்து ஒருத்தி அவனோடு சேர்ந்திருக்கிறாள்.
மர்யுக்கா இரண்டு தரம் படித்தாள்.
"இதில் நிமிடம் எங்கே?"
"நாற்பது" என்றேன். "அதில் இருபத்தைந்து, காத்திருப்பது."
பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"அதையும் எழுது."