அறுபதில் எட்டு

ரிட்டயர்டு ஆன மறுநாள்
வீரவநல்லூர் ஸ்டாப்பில் நின்று கை காட்டினேன்.
முப்பத்தொரு வருஷம் நான் போய்வந்த பஸ்
நிற்காமல் போனது.
படியில் நின்ற புதுப் பையன்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
ரெண்டு விசில் கொடுத்தான்.
கோபமில்லை. நானும் கொடுத்திருக்கிறேன்,
எத்தனையோ முகங்களைப் பார்த்துக்கொண்டே.

அன்று சாயங்காலம்தான் பைக் வாங்கணும் என்றேன்.
"எதுக்குவே இந்த வயசுல?" என்றார் டிரைவர் லூர்துமணி.
பதினாறு வருஷம் அவர் முதுகைப் பார்த்து
விசில் ஊதியவன் நான்.
எங்கே நிற்கணும் என்று சொல்லத் தெரியும்.
நிறுத்தத் தெரியாது.

கல்லிடைக்குறிச்சி வளைவில்கூட
கம்பியைத் தொடாமல் நின்று
விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகி
ஆறு பேருக்குச் சில்லறை கொடுத்த கால்கள் இவை.
ரெண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததும்
அன்றைக்கு ஈன்ற கன்றுக்குட்டி மாதிரி
வெடவெடத்தன.

கன்னடியன் கால்வாய்க் கரையில்
சொல்லிக்கொடுத்தவள் மெகராஜ் பானு.
டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள், பின்னால் ஓடிவர மாட்டாள்.
புளியமரத்தடியில் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி
"கிளட்ச்ச மெதுவா விடுங்க அண்ணாச்சி,
சில்லறை இல்லன்னு சொல்லுத மாதிரி
வெடுக்குன்னு விடாதீங்க."

மூன்றாம் நாள்
எருமைகளுக்கு வழிவிட்டு
வண்டியோடு தண்ணீரில் இறங்கினேன்.
அங்கே கிடந்த எருமைகள்
கொஞ்சம் தள்ளிக்கொண்டு இடம் கொடுத்தன.
செண்பகம் ஈர வேட்டியைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
முழங்காலுக்குப் பற்றுப் போடும்போது மட்டும்
ஒரு அழுத்து கூடுதல்.

டெஸ்ட் நாள்.
தரையில் வெள்ளைப் பெயின்ட்டில் எட்டு.
எனக்கு முன்னால் பதினெட்டு வயசுப் பிள்ளைகள்
கையெழுத்துப் போடுகிற மாதிரி
அதைப் போட்டுவிட்டுப் போனார்கள்.
நான் முதல் வளைவிலேயே கால் ஊன்றினேன்.
"அடுத்த வாரம் வாங்க."
இன்ஸ்பெக்டர் நிமிரக்கூட இல்லை.

ரெண்டாம் தடவை
கோட்டைப் பார்க்கவில்லை, ரூட்டைப் பார்த்தேன்.
பேட்டை, சுத்தமல்லி விலக்கு என்று ஒருபக்கம் சாய்ந்து
நடுவில் சேரன்மகாதேவி,
காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடை என்று
மறுபக்கம் சாய்ந்து
அம்பையில் திருப்பி
மறுபடியும் சேரன்மகாதேவி.
போக ஒன்று, வர ஒன்று.
எத்தனை ஆயிரம் எட்டு போட்டிருக்கிறேன்,
இன்னொருத்தர் ஓட்ட.

முடிந்தும் யாரும் விசில் ஊதவில்லை.
அதனால் இன்னொரு சுற்றும் போனேன்.
"போதும் அண்ணாச்சி, போதும்!"
மெகராஜ் வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

லைசென்ஸ் தபாலில் வந்தது.
போட்டோவில் நான்
செக்கிங்கில் மாட்டியவன் மாதிரி முழிக்கிறேன்.
ஐந்து வருஷம்தான் செல்லுமாம்.
செண்பகம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"சீசன் டிக்கெட்டா?" என்றாள்.

நேற்று தனியாகக் கிளம்பினேன்.
காருக்குறிச்சி தாண்டி ரெண்டு பக்கமும் வயல்.
இத்தனை வருஷம் ஜன்னல் வழியாக
பக்கவாட்டில் அடித்த காற்று
நேராக நெஞ்சில் அடித்தது.
பின்னால் எங்கள் டெப்போ வண்டி.

ஒரு விசில்.

வலது கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.
எனக்கு ஊதியதில்லை, தெரியும்.
இருந்தாலும் ஓரமாக ஒதுங்கி
இடது காலை ஊன்றி நின்றேன்.
கண்ணாடியில்
ஒருத்தி வாழைத்தாரை இறக்கினாள்.
பாக்கிச் சில்லறைக்கு ஒரு ஆள்
படியருகே கையை நீட்டிக்கொண்டே நின்றான்.
கொடுடா, கொடுத்துவிடு என்றேன்
ஹெல்மெட்டுக்குள்.
கொடுத்தான்.

ரெண்டு விசில்.

கிளட்ச்சை மெதுவாக விட்டேன்.