புள்ளி நான்கு

ஹட்டனில், பாமசிக்கு மேலே இரண்டாம் மாடி.
பத்து கொம்பியூட்டர், ஏழுதான் வேலை செய்யும்.
எனக்கு விழுந்ததில் எண்டர் ஒட்டிக்கொள்ளும்.

எல்லோரும் விண்கலம் செய்தார்கள்.
நான் குளவி செய்தேன்.
ஏழாம் நம்பர் மலையில் கூடு இருக்கிறது,
வேறு காரணம் இல்லை.
மேலிருந்து மஞ்சளாக இறங்கும்;
கீழே நான், ஒரு பச்சை முக்கோணம்.
ஸ்பேஸைத் தட்டினால் குண்டு போக வேண்டும்.

முதல் நாள் குண்டு கீழே விழுந்தது.
திரையில் பூச்சியம் உச்சியில் இருக்கிறதாம்,
இறங்க இறங்கத்தான் எண் கூடுமாம்.
டிலுக்ஷன் இரண்டு தரம் சொன்னான்.
மலையில் பிறந்தவள் மண்டையில் இது ஏறவில்லை.
'கழித்தால் ஏறும்' என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஏறியது.
திரையைத் தாண்டி அங்கேயும் ஏறிக்கொண்டே இருந்தது.
யாரும் பார்க்காத உயரத்தில்
ஆயிரத்து முந்நூறு குண்டுகள்,
பட்டியலில் மட்டும் உயிரோடு.
கினிகத்தேனை ஏற்றத்தில் நிறைந்த பஸ் மாதிரி
ஆட்டம் மூச்சு வாங்கியது.
பூச்சியம் தாண்டினால் நீக்கு என்றேன்.

பிறகு காற்று வைத்தேன்.
ஃபிரேமுக்கு ஃபிரேம், வலப்பக்கம் புள்ளி நான்கு.
குண்டு சாயவே இல்லை.
பிழைச்செய்தி இல்லை, சிவப்புக் கோடு இல்லை,
நேரே, குளவிக்குப் பக்கத்தால்.

மூன்று மணித்தியாலம்.

எக்ஸை முழு எண்ணாக வைத்திருக்கிறேன்.
கூட்டலையும் சமனையும் தள்ளித் தள்ளி எழுதினால்
ஜாவா கத்தும், தசமம் இதில் கொள்ளாதென்று.
ஒட்டி எழுதினால் கத்தாது.
கூட்டும். வெட்டும். சும்மா இருக்கும்.
நூற்றி இருபதோடு புள்ளி நான்கு, நூற்றி இருபது.
இன்னொரு புள்ளி நான்கு,
நூற்றி இருபது.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
பதினேழு புள்ளி எட்டு, துண்டில் பதினேழு.
ஒரு நாளைக்கு மூன்று நிறுவை.
சாக்கு ஈரத்துக்குக் கழிவு வேறு.
கணக்கப்பிள்ளை ஒட்டி எழுதுகிற ஆள்.
அம்மா தள்ளித் தள்ளி எழுதுவாள்,
தராசடியில் அவள் கத்துவது
அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும்.
வெட்கப்பட்டு நான் தள்ளி நின்றிருக்கிறேன்.

இன்டை அழித்து டபுள் என்று போட்டேன்.
உள்ளே முழுசாக வைத்திரு,
வரைகிற நேரம் மட்டும் வெட்டு.
புள்ளி நான்கு, புள்ளி எட்டு, ஒன்று புள்ளி இரண்டு.
குண்டு சாய்ந்தது,
மழைக்கு முன்னால் சவுக்கு மரம் சாய்கிற அளவுக்கு.

பொகவந்தலாவ கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்.
இன்னொரு தரம் தட்டினேன்.
சாய்ந்து போய், சரியாகக் குளவிக்குள் புகுந்து
மறுபக்கத்தால் வெளியே வந்தது.
குளவி இறங்கிக்கொண்டே இருந்தது.

மோதலை நான் இன்னும் எழுதவில்லை.